வாடகை முன்பணத்துக்கான மாற்று முறைகள்

வாடகை முன்பணம் என்பது, வீட்டை வாடகைக்கு எடுப்பவர் குடியேறுவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் வட்டியின்றி ஒப்படைத்து, வீட்டைக் காலி செய்யும்போது திரும்பப் பெறும் தொகை ஆகும். சென்னையில் இது பேச்சு வழக்கில் அட்வான்சு எனப்படுகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது. இன்று மூன்று முதல் ஆறு மாத வாடகையோடு நிறைவடையும் உரிமையாளர்களும் பலர் உள்ளனர். மாதம் 20,000 ரூபாய் வாடகையுள்ள ஒரு வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் 2,00,000 ரூபாய் ஆகும். நடுத்தர வருவாயுள்ள குடும்பம் ஒன்றின் சேமிப்பு முழுவதும் இதில் முடங்கிவிடுவது உண்டு. இத்தொகையை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தவிர்ப்பதற்குச் சென்னையில் கையாளப்படும் முறைகளையும், பிற நாடுகளின் ஏற்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்கள்

முன்பணம் என்ற சொல் முன்கூட்டிச் செலுத்திய வாடகை என்ற பொருளைத் தருவதுபோல் தோன்றினாலும், உண்மையில் இத்தொகை வாடகை அன்று. வாடகைதாரரின் கடமைகளுக்கு ஈடாக உரிமையாளரிடம் இருக்கும் பிணை இது. ஆகையால் சட்ட வழக்கில் இதனைப் பிணைவைப்புத் தொகை என்பதே பொருத்தமாகும். திருப்பித் தரப்படாத தொகையான பகடி இதனின்றும் வேறானது. அது மும்பையின் பழைய கட்டடங்களிலும் பல ஊர்களின் கடைத்தெருக்களிலும் வழங்கி வந்தது.

லீசு என்ற சொல்லும் குழப்பம் தரவல்லது. சட்டத்தில் அது எல்லா வகைக் குத்தகையையும் குறிக்கும். சென்னையில் "வீடு லீசுக்கு" என்று பலகை தொங்கினால், பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருக்கலாம் என்றே பொருள். இதன் பழைய தமிழ்ப் பெயர்கள் ஒத்தி அல்லது ஒற்றி, போக்கியம் என்பனவாகும்.

முன்பணத்தின் மூன்று பணிகள்

மாற்று முறைகளைப் புரிந்துகொள்ள, முன்பணம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ஒன்றல்ல, மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, பிணை. வாடகை நிலுவை, மின்கட்டண நிலுவை, உடைந்த பொருட்கள் ஆகியவற்றை இதிலிருந்து ஈடுசெய்து கொள்ளலாம். சுவருக்கு வண்ணம் பூசுவதற்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் சென்னையில் பரவலான வழக்கம். எழுத்தில் இல்லாவிட்டாலும் இது கேள்வியின்றிக் கழிக்கப்படுவதுண்டு. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்தாலும் பொதுவாக இரண்டு, மூன்று மாத வாடகையைத் தாண்டுவதில்லை. பத்து மாதத் தொகையைப் பிணை என்ற காரணத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

இரண்டாவது, கடன். முன்பணம் உரிமையாளருக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் கடன் ஆகும். ஓய்வூதியத்தை நம்பி வாழும் உரிமையாளர் அதை வங்கியில் வைப்பாக இட்டு வட்டி பெறலாம். மாடி கட்டவோ, மகளின் திருமணத்துக்கோ செலவிடலாம். தமது வீட்டுக் கடனின் ஒரு பகுதியை அடைக்கலாம். செலவாகிவிட்ட பணத்தைத் திருப்பித் தருவதற்கு அடுத்து வரும் வாடகைதாரரின் முன்பணமே வழி. "அடுத்த குடித்தனம் வந்ததும் தருகிறேன்" என்று சென்னையில் அடிக்கடி கேட்கும் சொல்லின் பின்னணி இதுவே. ஒரு குடும்பத்தின் பணம் மற்றொரு குடும்பத்தின் பணத்தால் திருப்பித் தரப்படும் இச்சங்கிலி, வீடு சில மாதங்கள் காலியாகக் கிடந்தால் அறுந்துவிடும்.

மூன்றாவது, சல்லடை. இரண்டு இலட்சம் ரூபாயை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க இயலும் குடும்பம் மாதவாடகையையும் ஒழுங்காகக் கொடுக்கும் என்பது உரிமையாளரின் கணக்கு. நிலையான சம்பளம் இருந்தும் சேமிப்பு இல்லாத இளைஞர்களும், அண்மையில் ஊரிலிருந்து குடிபெயர்ந்தவர்களும் இதனால் வடிகட்டப்படுகின்றனர். மயிலாப்பூரில் "சைவக் குடும்பத்தினருக்கு மட்டும்" என்பது போன்ற வேறு சல்லடைகளும் உள்ளன. அவை பணத்தால் தீர்வன அல்ல.

இனி விளக்கப்படும் மாற்று முறைகளுள் பெரும்பாலானவை முதல் பணியை மட்டுமே நிறைவேற்றுகின்றன. இரண்டாம் பணியை நம்பியிருக்கும் உரிமையாளர் அவற்றை ஏற்பதில்லை.

சட்ட நிலை

சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆணைகளாகத் தொடங்கி, 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் சட்டங்களாகி, இறுதியில் 1960ஆம் ஆண்டுக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது. இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, உரிமையாளர் ஒரு மாத வாடகைக்கு மேற்படாத தொகையை மட்டுமே முன்பணமாகப் பெறலாம் என்று வரையறுத்தது. ஒரு மாதம் என்று சட்டமும் பத்து மாதம் என்று நடைமுறையும் கூறிய நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது என்பது வியப்புக்குரியது.

இதற்குச் சில காரணங்கள் உண்டு. மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்ற விலக்கு ஒன்று இருந்தது. குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கு இத்தகைய வரம்பு இல்லாததால் இது பாகுபாடு எனக் கூறி, 1986இல் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை நீக்கியது. கட்டி ஐந்து ஆண்டுகள் நிறையாத கட்டடங்களுக்கும் விலக்கு இருந்தது. வெளியேற்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதும் ஒரு காரணம். வழக்கில் வென்றாலும் வீடு எளிதில் கைக்கு வராது என்ற அச்சத்தில், உரிமையாளர்கள் கையிலுள்ள பணத்தையே தங்கள் பாதுகாப்பாகக் கருதினர். வீடு தேவைப்பட்டவரும் சட்டத்தைச் சுட்டிக்காட்டி வீட்டை இழக்க விரும்பவில்லை.

1996இல் உச்ச நீதிமன்றம் சென்னை வழக்கு ஒன்றில் வழங்கிய தீர்ப்பு இங்கே குறிப்பிடத்தக்கது. ஒரு மாத வாடகைக்கு மேல் பெற்ற முன்பணம் உரிமையாளரின் கையில் இருக்கும்போது, நிலுவை வாடகையை அதில் ஈடுசெய்ய வேண்டியது உரிமையாளரின் கடமை என்றும், வாடகைதாரர் அதைத் தனியே கோர வேண்டியதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. எனவே அத்தகைய நிலுவையைக் காட்டி வாடகைதாரரை வெளியேற்ற இயலாமற் போயிற்று.

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் இவ்வமைப்பாகச் செயற்படுகிறார். பிணைவைப்பு மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக, திருப்பித் தரப்பட வேண்டும் என்றும் 11ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் மூன்று மாத வரம்பைக் கூறும் வாக்கியம் "மாறான உடன்பாடு இருந்தாலன்றி" என்ற பொருளுடைய சொற்களோடு தொடங்குகிறது. இருவரும் கையொப்பமிட்டுப் பத்து மாதம் என்று எழுதிக்கொண்டால் அது தடையாகாது. வீடு தேடி வருபவரின் பேரம் பேசும் வலிமை குறைவாக உள்ள அடையாறு போன்ற பகுதிகளில் இச்சில சொற்களின் விளைவு பெரிது.

மத்திய அமைச்சரவை 2021 சூன் மாதத்தில் ஏற்பளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையும் பிற கட்டடங்களுக்கு ஆறு மாத வாடகையையும் உச்ச வரம்பாகக் கொள்கிறது. இது மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரி மட்டுமே. தானாக எங்கும் செயற்படுவதில்லை.

மாற்று முறைகள்

குறைந்த முன்பணம், சற்றுக் கூடிய வாடகை

மிக எளிய மாற்று இதுவே. இதற்கு எந்த நிறுவனமும் தேவையில்லை. 20,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத முன்பணத்துக்குப் பதிலாக மூன்று மாத முன்பணம் பெற்றால், உரிமையாளரிடம் வரும் தொகை 1,40,000 ரூபாய் குறைகிறது. வங்கி வைப்புக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் அவர் இழப்பது ஆண்டுக்கு 9,800 ரூபாய்; மாதத்துக்கு ஏறத்தாழ 817 ரூபாய். எனவே வாடகையை 20,900 ரூபாய் ஆக்கினால் அவருக்கு இழப்பில்லை. மறுபக்கம், அந்த 1,40,000 ரூபாயை 15 விழுக்காட்டு வட்டியில் கடன் வாங்கவிருந்த வாடகைதாரருக்கு மாதம் 1,750 ரூபாய் வட்டி மிச்சமாகிறது. இருவருக்கும் நன்மை பயக்கும் இப்பேரம் அரிதாகவே பேசப்படுகிறது. முன்பணத்துக்கு விலை உண்டு என்பதை இரு தரப்பும் கணக்கிட்டுப் பார்க்காமையே இதற்குக் காரணம் எனலாம். கூட்டிய தொகையின் மீதும் ஆண்டுதோறும் வாடகை உயர்வு ஏறும் என்பதால், அதை உடன்படிக்கையில் தனியே காட்டுவது வாடகைதாரருக்கு நல்லது.

தவணை முறை

மூன்று மாத வாடகையைக் குடியேறும்போதும், எஞ்சியதை அடுத்த சில மாதங்களில் பகுதி பகுதியாகவும் கொடுப்பது தவணை முறை. அறிமுகமானவர் பரிந்துரைத்தால் மட்டுமே சென்னையில் உரிமையாளர்கள் இதற்கு இசைகின்றனர். செருமனியில் இது வாடகைதாரரின் சட்ட உரிமையாக உள்ளது.

ஒத்தி அல்லது லீசு

முன்பணத்தை ஒழிப்பதற்குப் பதில் அதைப் பன்மடங்கு பெருக்கி வாடகையை ஒழிப்பது இம்முறை. தமிழகத்துக்கு இது புதிதன்று. நிலங்களை ஒத்தி வைப்பது பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் ஒற்றியைத் தனியே விரித்துரைக்கிறது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் இதனை அனுபவ அடமானமாக ஏற்கிறது.

இதன் பொருளியல் எளிதானது. மேற்கண்ட அதே வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாய் லீசுத் தொகை எனக் கொள்வோம். வாடகைதாரர் அத்தொகையை 7 விழுக்காட்டு வைப்பில் வைத்திருந்தால் மாதம் ஏறத்தாழ 11,667 ரூபாய் பெற்றிருப்பார். அதை இழந்து 20,000 ரூபாய் வாடகையைத் தவிர்க்கிறார். மாதம் 8,300 ரூபாய்க்கு மேல் அவருக்கு இலாபம். உரிமையாளர் அதே 20 இலட்சத்தை வெளியில் 12 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 20,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். இது அவர் விட்டுக்கொடுக்கும் வாடகைக்குச் சமம். வைப்பு வட்டிக்கும் கடன் வட்டிக்கும் உள்ள இடைவெளியே இம்முறை உயிர்வாழும் இடம். கடன் தேவையில்லாத உரிமையாளர் வீட்டை லீசுக்கு விடுவதில்லை. இதையே திருப்பிச் சொன்னால், லீசுக்கு விடுபவர் பெரும்பாலும் பணநெருக்கடியில் இருப்பவர்.

ஆபத்தும் இங்கேதான் உள்ளது. வீட்டுப் பத்திரம் ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். கடன் தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற முடியும். பின்னால் வந்த லீசுதாரர் பணத்துக்கு உரிமையாளரைத் தேட வேண்டியதுதான். உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்த இடைத்தரகர், அதையே வேறொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டுப் பெருந்தொகையுடன் தலைமறைவாகும் மோசடிகளும் சென்னையில் நடந்துள்ளன. காவல்துறை பலரைக் கைது செய்துள்ளது. அத்தகைய வீடுகளில் உரிமையாளர் வாடகை வரவில்லை என்று கதவைத் தட்டும்போதே குடியிருப்பவர் உண்மையை அறிகிறார்.

100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கான அனுபவ அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆனால் முத்திரைக் கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் சாதாரண முத்திரைத்தாளில் 11 மாத வாடகை ஒப்பந்தமாக எழுதி, பெருந்தொகையை முன்பணம் என்று குறிப்பிடுகின்றனர். வழக்கு என்று வரும்போது இத்தாள் அடமான உரிமையைத் தராது. வில்லங்கச் சான்று பார்ப்பது, மூலப்பத்திரத்தை நேரில் காண்பது, தொகையை வங்கி வழியே உரிமையாளரின் கணக்கில் மட்டும் செலுத்துவது ஆகியவை இம்முறையில் இன்றியமையாதவை.

நிறுவனப் பொறுப்பு

பொதுத்துறை வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் தம் அலுவலர்களுக்காகத் தாமே வீட்டை வாடகைக்கு எடுப்பதுண்டு. வாடகை நிறுவனத்திடமிருந்து மாதந்தோறும் வருவதால் உரிமையாளர் சிறு முன்பணத்தோடு நிறைவடைகிறார். சல்லடை வேலையை நிறுவனத்தின் பெயரே செய்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் அடையாறு, திருவான்மியூர்ப் பகுதிகளுக்கு வந்த மென்பொருள் ஊழியர்களுள் சிலருக்கு நிறுவனம் முன்பணத்தைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. இது வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் வீடும் கேள்விக்குறியாகும். வீட்டு வேலை செய்வோர், தானி ஓட்டுநர், சிறுகடை ஊழியர் ஆகியோருக்கு இம்முறை எட்டாதது.

முன்பணக் கடன்

கடன் வாங்கி முன்பணம் கொடுப்பது மாற்று என்பதைவிட இடமாற்றம் என்பதே சரி. இரண்டு இலட்சம் ரூபாயை 15 விழுக்காட்டு வட்டியில் 24 மாதத் தவணையில் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,700 ரூபாய் ஆகும். 20,000 ரூபாய் வாடகையுடன் இதையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். மொத்த வட்டி 32,000 ரூபாய்க்கு மேல் போகும். தனிநபர் கடன் என்ற பெயர் வருமுன்பே சென்னைக் குடும்பங்கள் இதைச் செய்து வந்துள்ளன. நகையை அடகு வைத்தோ, சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தோ முன்பணம் கட்டியவர்கள் ஏராளம். அந்நகை, முன்பணம் திரும்பி வரும்வரை மீளாமற் போவதும் உண்டு.

வாடகைப் பிணைமுறி

அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படும் முறை இது. வாடகைதாரர் ஆண்டுதோறும் ஒரு கட்டணத்தைப் பிணை நிறுவனத்துக்குச் செலுத்துகிறார். அவர் வாடகை தராமற் போனாலோ வீட்டைச் சேதப்படுத்தினாலோ, குறிப்பிட்ட வரம்பு வரை உரிமையாளருக்கு நிறுவனம் பணம் தருகிறது. இந்தியாவில் ஈக்காரோ கேரண்டீஸ் என்ற நிறுவனம் வீட்டு வாடகைக்கெனப் பிணைமுறியை அறிமுகப்படுத்தியது. மலேசியாவில் ஸ்பீட்ஹோம் நிறுவனம் முன்பணமில்லா வாடகையை இவ்வகையில் நடத்துகிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஏப்ரல் 1 முதல் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பிணைக் காப்பீட்டைத் திறந்துவிட்டது. எனினும் அதன் முதல் நோக்கம் சாலை முதலிய கட்டுமான ஒப்பந்தங்களே, குடித்தனக்காரர் அல்லர்.

இம்முறையைப் பற்றிய விளம்பரங்களில் விடுபடும் செய்திகள் இரண்டு. முதலாவது, கட்டணம் திரும்பி வராது. இரண்டு இலட்சம் ரூபாய்ப் பிணைக்கு ஆண்டுக் கட்டணம் 6 விழுக்காடு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 12,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்து 14,160 ரூபாய் ஆகும். அதே இரண்டு இலட்சத்தை முன்பணமாகக் கொடுத்திருந்தால் இழக்கும் வைப்பு வட்டி 14,000 ரூபாய். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கையில் பணம் உள்ளவருக்கு இதனால் சேமிப்பு இல்லை. பணம் இல்லாதவருக்கு, அல்லது பழைய வீட்டின் முன்பணம் திரும்புமுன் புதிய வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவருக்கு மட்டுமே இது பயன்படுகிறது.

இரண்டாவது, இது வாடகைதாரருக்கான காப்பீடு அன்று. நிறுவனம் உரிமையாளருக்குக் கொடுத்த தொகையைப் பின்னர் வாடகைதாரரிடமே வசூலிக்கும். "கட்டணம் கட்டிவிட்டேன், சேதத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று கருதுவது தவறு. உரிமையாளரின் கோரிக்கை நியாயமானதா என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் எஞ்சுகிறது. முன்பணத்தில் வாடகைதாரர் உரிமையாளரிடம் வாதிட வேண்டும். பிணைமுறியில் நிறுவனத்திடம் வாதிட வேண்டும்.

விடுதிகளும் பகிர்வு வீடுகளும்

தனியாக வந்து வேலை பார்ப்போருக்கு முழு வீடு தேவைப்படாது. திருவல்லிக்கேணியின் மேன்சன்களும் பெண்களுக்கான தனியார் விடுதிகளும் ஓரிரு மாதத் தொகையுடன் இடம் தந்து வந்துள்ளன. தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் அடையாறு, கூடுவாஞ்சேரி முதலிய இடங்களில் பணிபுரியும் பெண்களுக்காக இயங்குகின்றன. குடும்பங்களுக்கு இது தீர்வாகாது.

பிற நாடுகளில்

பணத்தை உரிமையாளரிடமும் விடாமல் வாடகைதாரரிடமும் விடாமல் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கும் முறை பல நாடுகளில் உள்ளது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைப் பிணை வாரியம் ஏற்படுத்தப்பட்டது. நான்கு வார வாடகைக்கு மேற்படாத பிணைத்தொகை அவ்வாரியத்திடம் செலுத்தப்படுகிறது. இருவரும் இசைந்தால் உடனே திரும்பும். இசையாவிடில் தீர்ப்பாயம் முடிவு செய்யும். வைப்பின் வட்டியிலிருந்து வாடகைதாரர்களுக்கான ஆலோசனைப் பணிகளுக்கும் நிதி கிடைக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007 ஏப்ரல் 6 முதல், அரசு ஏற்பு பெற்ற திட்டம் ஒன்றில் முன்பணத்தைப் பாதுகாப்பது கட்டாயமாயிற்று. தவறும் உரிமையாளர் அத்தொகையைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்குத் தர நேரிடும். 2019 முதல் இங்கிலாந்தில், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகையே வரம்பு. செருமனியில் மூன்று மாத வாடகை வரம்பாகும். அது உரிமையாளரின் சொந்தப் பணத்தோடு கலவாமல் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். வட்டி வாடகைதாரரைச் சேரும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 2020இல், பெரிய வீட்டு உரிமையாளர்கள் முன்பணத்துக்குப் பதிலாகக் காப்பீடு, தவணை போன்ற வேறு வழிகளையும் ஏற்க வேண்டும் என விதித்தது.

சென்னையின் லீசு முறைக்கு மிக நெருங்கியது தென்கொரியாவின் சொன்சே முறை. வீட்டு மதிப்பில் பாதிக்கு மேற்பட்ட தொகையைக் கொடுத்து, பொதுவாக இரண்டு ஆண்டுகள் வாடகையின்றி இருப்பது அங்குள்ள வழக்கம். 2022இல் வீட்டு விலைகள் சரியத் தொடங்கியதும், புதிய குடித்தனக்காரரின் பணத்தைக் கொண்டு பழையவருக்குத் திருப்பித் தந்த சங்கிலி அறுந்தது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளைஞர்கள், தம் சேமிப்பை இழந்தனர். பாதிக்கப்பட்டோருக்கான சிறப்புச் சட்டம் 2023 சூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அங்கு அரசு சார்ந்த உறுதியளிப்பு நிறுவனம் லீசுத் தொகைக்குக் காப்புறுதி வழங்குகிறது. சென்னையின் லீசுதாரருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

சென்னையில் பரவாமைக்கான காரணங்கள்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாடகை வீடுகளில் பெரும்பகுதி தனிநபர்களுக்கு உரியவை. ஒரு வீட்டையோ இரண்டு வீட்டையோ வைத்திருப்போர் அவர்கள். நூறு வீடுகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு வீட்டின் நிலுவை சிறு இழப்பு. தாம் வாழும் வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் முதியவருக்கு அது அம்மாதத்தின் மருந்துச் செலவு. அறியாத நிறுவனத்தின் காகிதத்தைவிட வங்கிக் கணக்கிலுள்ள பணத்தை அவர் நம்புவதில் வியப்பில்லை. பிணை நிறுவனமே நலிந்துபோனால் என்ன ஆகும் என்ற அவர்களது கேள்வியும் நியாயமானது.

அதைவிட முக்கியமானது மேலே கூறிய சங்கிலி. புதியவரிடம் பிணைமுறியை ஏற்கும் உரிமையாளர், வெளியேறுபவருக்குத் தர வேண்டிய இரண்டு இலட்சத்தைத் தம் கையிலிருந்து எடுத்துத் தர வேண்டும். அத்தொகை செலவாகியிருந்தால் அவரால் மாற்று முறைக்கு மாறவே இயலாது. ஆகவே முன்பணம் செலவழிக்கப்படாமல் இருக்கும் வீடுகளிலும், முதன்முறையாக வாடகைக்கு விடப்படும் புதிய அடுக்ககங்களிலுமே மாறுதல் எளிது. பழைய வீடுகளில் ஒவ்வொரு முறை குடித்தனம் மாறும்போதும் இரண்டு மாதத் தொகையைக் குறைத்துக்கொண்டே வந்தால், நான்காவது குடும்பம் குடியேறும்போது பத்து மாதம் நான்கு மாதமாகிவிடும். உரிமையாளர் ஒவ்வொரு முறையும் 40,000 ரூபாயை மட்டும் திரட்டினால் போதும்.

வாடகைதாரரின் பக்கத்திலும் ஒரு வழக்கம் மாற்று முறைகளைக் கடினமாக்குகிறது. முன்பணம் திரும்பாது என்று அஞ்சுவோர் கடைசி மூன்று, நான்கு மாத வாடகையைக் கட்டாமல் "அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிடுகின்றனர். முழு முன்பணம் இருக்கும்போது இது இருவருக்கும் வசதியான தற்காப்பு. முன்பணம் ஒரு மாதமாகச் சுருங்கிய வீட்டில் இதுவே உரிமையாளருக்கு இழப்பாகும். ஆகையால் முன்பணத்தைக் குறைக்கும் உடன்படிக்கைகளில், இறுதி மாத வாடகையைக் கழிக்கலாகாது என்ற விதியும், வண்ணப்பூச்சுக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதும், குடியேறும் நாளில் வீட்டின் நிலையைக் காட்டும் ஒளிப்படங்களும், திருப்பித் தருவதற்கான கெடுவும் சேர்க்கப்படுகின்றன. உடன்படிக்கை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகியிருந்தால் இவற்றை வாடகை நீதிமன்றத்தின் முன் நிறுவுவது எளிது.